மூணு தடவ பேரு மாறுன கட்டி: ரங்கூன்ல இருந்து ஏழு வருஷ அனுபவம்

எனக்கு வந்த கட்டிக்கு நாலு மாசத்துல மூணு பேரு வச்சாங்க. மொதல்ல கர்ப்பப்பைக் கட்டின்னாங்க, அப்புறம் தசையில வர்ற புத்துநோய்னாங்க, கடைசியாதான் ஜிஸ்ட்னு ஒரு பேரு வந்துச்சு, அந்தப் பேர எங்க தெருவுலயும் சரி கோவில்லயும் சரி சொந்தத்துலயும் சரி ஒருத்தர்கூட அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. புத்துநோய்னா மார்புல வரும், கர்ப்பப்பையில வரும், வெத்தல பாக்கு போட்டா வாயில வரும்னு தெரியும். ஜிஸ்ட் இரைப்பை, குடல் சுவத்துல வர்ற புத்துநோய், பத்து லட்சம் பேருல வருஷத்துக்கு பத்து பதினஞ்சு பேருக்குத்தான் வரும்னு சொன்னப்போ என் வீட்டுக்காரரு டாக்டர்கிட்டயே கேட்டாரு, "அப்ப இத பாத்து பழக்கப்பட்டவங்க யாருங்க சயாமா?" அந்த சின்ன வயசு டாக்டரம்மா மறைக்காம சொன்னாங்க, "எனக்கு இவங்கதான் ரெண்டாவது பேஷன்ட்." அவங்க அப்படி நேரா சொன்னதுக்கு இன்னிக்கும் நான் நன்றியோட இருக்கேன்.

நான் ரங்கூன்ல தாமுவே பக்கம் வீட்டுலயே தையல் வேல பாக்குறவ. 2018 மழக்காலத்துல படி ஏறினா மூச்சு வாங்குது, நகம் வெளுத்துப்போச்சு, மலம் தார் மாதிரி கருப்பா போகுது. ரத்தசோகன்னு இரும்புச்சத்து மாத்திர குடுத்தாங்க, அது சாப்பிட்டாலே மலம் கருப்பா போகும்கறதால உள்ள ரத்தம் ஒழுகுறது ரெண்டு மாசம் மறைஞ்சே போச்சு. இது என் மொத பாடம், இரும்பு மாத்திர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மலம் கருப்பா இருந்துச்சுன்னா அத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடணும், வெக்கப்படவே கூடாது. ஹீமோகுளோபின் ஆறுக்கு எறங்கினப்புறம்தான் வயித்த ஸ்கேன் பண்ணாங்க, எட்டு சென்டிமீட்டர்ல ஒரு கட்டி, கர்ப்பப்பைக்கு மேல உக்காந்திருந்ததால ஃபைப்ராய்டு, அதான் கர்ப்பப்பைக் கட்டின்னு நெனச்சாங்க. வயித்த தொறந்து பாத்தா கர்ப்பப்பை சுத்தமா இருக்கு, கட்டி சிறுகுடல்ல தொங்குது. குடல ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்துட்டு மிச்சத்த சேத்து தச்சாங்க.

பயாப்ஸி ரிப்போர்ட்டுல லையோமயோசார்கோமா, அதாவது தசையில வர்ற புத்துநோய்னு போட்டிருந்துச்சு. உடனே கீமோ ஆரம்பிக்கணும்னு தேதியும் குடுத்துட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்லப்போறதில்ல, அவங்க மேல கோவமும் இல்ல, ஏன்னா மைக்ராஸ்கோப்புல சாதாரண சாயத்துல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி கதிர் வடிவ செல்லாத்தான் தெரியுமாம், 1998-ல ஜப்பான்ல கிட்ங்கற ஜீன்ல இருக்குற கோளாற கண்டுபிடிக்கிற வரைக்கும் உலகம் பூரா ஜிஸ்ட்ட பெரும்பாலும் தசைக்கட்டின்னுதான் நெனச்சு வைத்தியம் பாத்திருக்காங்க. பிரிச்சுச் சொல்லணும்னா சிடி 117, டாக் 1னு தனிச் சாயம் போட்டுப் பாக்கணும், அந்த சமயத்துல அது எனக்குப் பாக்கல.

கீமோ தேதிக்கு பத்து நாள் இருந்துச்சு. மெட்ராஸ் வியாசர்பாடியில எங்க பெரியப்பா குடும்பம் இருக்கு, 1964-க்கு அப்புறம் கப்பலேறி போனவங்க, அந்த அண்ணன்கிட்ட போன்ல அழுதுக்கிட்டே ரிப்போர்ட்ட படிச்சுக் காட்டினேன். அண்ணன் சொன்னது, "இந்தா பாரு தங்கச்சி, ரிப்போர்ட்ட மட்டும் எடுத்துட்டு வராத. வெட்டி எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க, அத வாங்கிட்டு வா." அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

மெழுகுக் கட்டைய, பிளாக்னு சொல்வாங்க, நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தீப்பெட்டிய விட கொஞ்சம் சின்னதா ஒரு பிளாஸ்டிக் கூடு, அதுல வெள்ளை மெழுகு, மெழுகுக்கு நடுவுல நகம் அளவுக்கு பழுப்பா ஒரு துண்டு. ஓரத்துல பென்சில்ல நம்பர். என் உடம்புக்குள்ள இருந்தத நான் கையில பிடிச்சுப் பாத்தது அன்னிக்குத்தான். லேப்ல இருந்தவரு மொதல்ல தர யோசிச்சாரு, ரெண்டாவது கருத்து கேக்கப் போறோம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்ததும் ரெண்டு பிளாக்கும் நாலு கண்ணாடி ஸ்லைடும் குடுத்தாரு. ஸ்லைடு ஒடையாம இருக்க பஞ்சு சுத்தி என் பழைய பட்டன் டப்பாவுல வச்சேன். மெழுகு சூட்டுல உருகிடும்கறதால பெட்டியில போடாம கைப்பையில மடியிலயே வச்சுக்கிட்டு பாங்காக் வழியா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், மெடிக்கல் விசாவுக்கு ஆஸ்பத்திரி லெட்டர் வர்றதுக்கே மூணு வாரம் ஆச்சு. கீமோ தேதி தாண்டிப்போச்சேன்னு தினம் பயந்தேன், அந்த டாக்டரம்மாதான் "ரெண்டாவது கருத்து கேட்டுட்டு வாங்க, ஒரு மாசம் நான் பொறுத்துக்கிறேன்"னு தைரியம் சொன்னாங்க.

வேலூர்ல ஒரு வாரத்துல பதில் வந்துருச்சு. ஜிஸ்ட். கிட் ஜீன்ல எக்ஸான் 11-ங்கற எடத்துல கோளாறு. அங்க ஒரு டாக்டர் சார் ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டினாரு, நம்ம குடல் தானா அசையுதுல்ல, அந்த அசைவுக்குத் தாளம் போடுற செல்லுங்க குடல் சுவத்துல இருக்கு, அதுல ஒரு குழாயோட திருகு திறந்த மேனிக்கு மாட்டிக்கிச்சு, வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்குது, அந்தக் குழாய மூடுற மாத்திரைதான் இமாட்டினிப், சாதாரண கீமோ இந்தக் கட்டிக்கு ஏறக்குறைய வேலையே செய்யாதுன்னாரு. அப்ப எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. அந்த பிளாக் இல்லன்னா மாசக்கணக்கா முடி கொட்டி வாந்தி எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லாம போயிருக்கும்.

அதனால அபூர்வமான புத்துநோய்னு யாருக்காவது சொல்லிட்டாங்கன்னா நான் மொதல்ல சொல்றது இதுதான், சிகிச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிளாக்க வாங்கி அந்த நோய நெறைய பாக்குற எடத்துக்கு ஒரு தடவ அனுப்புங்க. உயிர் போற அவசரம் இல்லன்னா ரெண்டு மூணு வாரம் தாமதிக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க, நல்ல டாக்டருங்க அதுக்கு கோவப்பட மாட்டாங்க. கூடவே ஆபரேஷன் குறிப்பையும் வாங்கி வச்சுக்குங்க. கட்டியோட அளவு, எங்க இருந்துச்சு, செல் எவ்வளவு வேகமா பிரியுதுங்கற எண்ணிக்கை, எடுக்கும்போது கட்டி உடைஞ்சுச்சா இல்லையா, இந்த நாலையும் வச்சுத்தான் திரும்ப வர்ற அபாயத்தக் கணக்கு போடுறாங்க. எனக்கு அதிக அபாயம்னு வந்துச்சு, மூணு வருஷம் தினம் 400 மில்லிகிராம்.

மாத்திரைய பத்தி எனக்குத் தெரிஞ்சத சொல்லிடறேன். கடுகு பேஸ்ட் மாதிரி பழுப்பு மஞ்ச நிறம். வெறும் வயித்துல போட்டா வாந்திதான், அதனால நாளோட பெரிய சாப்பாட்டுக்கு நடுவுலயோ முடிஞ்ச கையோடயோ பெரிய டம்ளர் தண்ணியோட போடணும், போட்ட உடனே படுக்கக் கூடாது. எனக்கு காலைல எந்திரிச்சா கண்ணு ரெண்டும் வீங்கி கண்ணாடியில வேற யாரோ மாதிரி இருக்கும், தலகாணி ஒண்ணு கூட்டி வச்சு தூங்கினேன், உப்ப கொறச்சேன், ஙாப்பியும் (மீன் விழுது) கருவாடும் இல்லாம பர்மாவுல சாப்பிடறது எவ்வளவு கஷ்டம்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆடுசதை கல்லு மாதிரி இறுகிக்கும், கட்ட வெரல மேல பாத்து இழுத்துக்கிட்டு சுவத்துல காலை ஊனி நிக்கணும், அவரு எந்திரிச்சு தேங்கா எண்ணெய் போட்டு நீவி விடுவாரு. டாக்டர்கிட்ட சொன்னா கால்சியம் மக்னீசியம் எல்லாம் பாப்பாங்க, சொல்லாம தாங்கிக்காதீங்க. ரத்தப் பரிசோதனைய விடவே கூடாது. டோஸ நீங்களா கூட்டவோ கொறைக்கவோ கூடாது.

எதிர் வீட்டு பர்மீஸ் அமா (அக்கான்னு அர்த்தம்) என்னை கூடப் பொறந்தவளா நெனக்கிறவங்க. நான் செவ்வாக்கிழமை பொறந்தவன்னு கேட்டு வச்சிக்கிட்டு, ஷ்வேடகோன் புத்தர் கோவில்ல செவ்வாக்கிழமைக்காரங்க மூலையில எனக்காக தண்ணி ஊத்திட்டு வருவாங்க. ஒரு நாள் பம்பளிமாஸ் உரிச்சு சொளை சொளையா தட்டுல வச்சு கொண்டுவந்தாங்க, வாய் கசப்புக்கு நல்லதுன்னு. நாலு சொளை சாப்பிட்டேன். அடுத்த தடவ போனப்பதான் தெரிஞ்சுது, கிரேப் ஃப்ரூட் இந்த மாத்திரையோட ஆகாது, மாத்திரைய ஒடைக்கிற ஈரல் வேலைய தடுத்து ரத்தத்துல மருந்தோட அளவ ஏத்திடும், பம்பளிமாஸும் அதே குடும்பம்தான். வெளிநாட்டு நோட்டீசுல கிரேப் ஃப்ரூட்னு போட்டிருக்கும், நம்ம ஊருல அத யாரு பாத்தா, நமக்கு இருக்கறது பம்பளிமாஸ், அத யாரும் எழுதி வைக்கிறதில்ல. அதே மாதிரி நாட்டு மருந்துப் பொடி, மூலிகைக் கஷாயம் எது குடுத்தாலும் அன்பா வாங்கி வச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டாம வாயில போடாதீங்க. அமாகிட்ட விளக்கிச் சொன்னேன், அவங்க அழுதுட்டாங்க, அப்புறம் வாழைப்பழம் கொண்டுவர ஆரம்பிச்சாங்க.

இந்த மாத்திரை நம்ம கைக்கு எட்டுற விலையில கெடைக்குறதுக்குப் பின்னாடி மெட்ராஸ் இருக்கு. நோவார்ட்டிஸ் கம்பெனியோட காப்புரிமை விண்ணப்பத்த 2006-ல சென்னை காப்புரிமை ஆபீஸ்தான் தள்ளுபடி பண்ணுச்சு, கேஸு மெட்ராஸ் ஹைகோர்ட்டு வரைக்கும் போயி கடைசியா 2013 ஏப்ரல் 1 அன்னிக்கு டெல்லி சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. அதனால இந்தியாவுல மத்த கம்பெனிங்க கொறஞ்ச விலைக்குத் தயாரிக்கிற ஜெனரிக் மாத்திரைதான் ரங்கூன் மருந்துக்கடைக்கு வருது, நானும் அதத்தான் சாப்பிடறேன். இத அண்ணன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்ட நாள்ல அந்த கேஸுல நோயாளிங்க பக்கம் நின்னவங்களுக்கெல்லாம் சேத்து காளியம்மன் கோவில்ல வெளக்கு போட்டேன்.

2020 மார்ச் கடைசியில கொரோனாவால ஃப்ளைட்டு நின்னுச்சு. 2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுக்கு அப்புறம் பாங்கு மூடிக்கிச்சு, ஏடிஎம் வாசல்ல விடியக்காலைல டோக்கன் வாங்கணும், மருந்துக்கடைக்காரங்க காசு கையில குடுத்தாத்தான் தருவோம்னாங்க, ஆஸ்பத்திரிங்க பாதிக்கு மேல ஓடல. டாலர் 1,300 சொச்சம் சாட்டா (சாட்டுங்கறது பர்மா பணம்) இருந்தது பின்னாடி நாலாயிரத்தையும் தாண்டிச்சு, மாத்திரை விலையும் கூடவே ஏறிச்சு. ஒரு தடவ என் டப்பாவுல ஒம்போது மாத்திரைதான் பாக்கி. நான் ஒண்ணுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டு நாள நீட்டலாம்னு பாத்தேன், அவரு கையப் பிடிச்சு தடுத்துட்டு ரங்கூன் பூரா பதினோரு கடை ஏறி எறங்கி பதினஞ்சு மாத்திரை வாங்கிட்டு வந்தாரு, ரெண்டு பிராண்டு கலந்து. அன்னைலேர்ந்து எங்க வீட்டுல ஒரே கணக்குதான், அரிசி இல்லன்னாலும் பரவால்ல, கையில ரெண்டு மாசத்து மாத்திரை இருக்கணும், ஒரு அட்டை தொறந்தா அன்னிக்கே அடுத்த அட்டைக்குச் சொல்லிடணும். காலாவதி தேதி பாத்து பழசத்தான் மொதல்ல எடுக்கணும். சித்திர மாச வெயில்ல கரண்டும் இருக்காது, அதனால தகரக் கூரைப் பக்கம் வைக்காம அரிசிப் பானைக்குப் பக்கத்துல மூடி போட்ட டப்பாவுல வைக்கிறோம்.

2022 ஜனவரியில மூணு வருஷம் முடிஞ்சு மாத்திரைய நிறுத்தினாங்க. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, அத்தை பாயசம் வச்சாங்க. எனக்கு என்னவோ தூக்கமே வரல. மாத்திரை சாப்பிட்ட நாள்ல தினம் ஒரு காவல் இருந்த மாதிரி இருந்துச்சு, நிறுத்தினதும் கதவ தொறந்து போட்டுட்டு படுத்த மாதிரி. இந்தப் பயம் வரும்னு யாரும் எனக்கு முன்கூட்டி சொல்லல, அதனால நான் சொல்றேன், சிகிச்சை முடியற அன்னிக்கு பயம் கூடினா அது உங்க மனசு கெட்டுப்போனதால இல்ல, நெறைய பேருக்கு அப்படித்தான். நிறுத்தினப்புறம் வர்ற மொத ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஸ்கேன் ரொம்ப முக்கியம், ஏன்னா திரும்ப வர்றதுல பெரும்பாலும் அப்பத்தான் வருது. எனக்கும் வந்துச்சு. அந்த நவம்பர்ல ஈரல்ல ரெண்டு கட்டி.

மறுபடி மாத்திரை, இந்த தடவ முடிவு தேதி கிடையாது. எவ்வளவு நாளைக்கு வேலை செய்யும்னு கேட்டேன். பரவினப்புறம் பாதிப் பேருக்கு ரெண்டு வருஷம் கிட்ட தாக்குப்பிடிக்கும், சிலபேரு பத்து வருஷத்துக்கு மேலயும் ஓடுறாங்க, நீங்க எந்தப் பக்கம்னு எங்களால சொல்ல முடியாதுன்னாங்க. இது நின்னா சுனிடினிப், அதுக்கப்புறம் ரெகோராஃபெனிப், ரிப்ரெடினிப்னு வரிசையா இருக்கு, ஆனா அதெல்லாம் நம்ம ஊருல கெடைக்கிறதும் காசு பொரட்டுறதும் வேற விஷயம்.

அதுக்கப்புறம் நடந்த ஒண்ண கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இதே மாதிரி இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது. மாத்திரை திரும்ப ஆரம்பிச்சு மூணு மாசத்துல எடுத்த ஸ்கேன்ல, ஏற்கெனவே இருந்ததுல ஒண்ணு 3.1 சென்டிமீட்டர்லேர்ந்து 3.4 ஆயிருக்கு, கூட புதுசா மூணு புள்ளி இருக்கு, நோய் கூடிருச்சுன்னு எழுதிட்டாங்க. படிச்சுட்டு வர்ற வழியில பஸ்ஸுல நான் அழல, அவரு அழுதாரு. பையன் பினாங்குல வேல பாக்குறான், நான் அவன்கிட்ட சொல்ல வேணாம்னேன், அவரு மறைக்கக் கூடாதுன்னாரு, ராத்திரி பூரா அதுக்கு ஒரு சண்டை. மாத்திரைய மாத்திடலாம்னு பேச்சு வந்துச்சு. அந்த டாக்டரம்மாதான் பொறுங்க, அவசரப்படாதீங்க, ரெண்டு ஸ்கேன் சிடியையும் வேலூருக்கு அனுப்பிப் பாப்போம்னாங்க. கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் அஞ்சு மணிக்குப் போகும், பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டரோட எங்க வீட்டுல உக்காந்து ரெண்டு ராத்திரி சேத்து அந்தப் படத்தையெல்லாம் ஏத்தி அனுப்பினான்.

ஆறு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. இமாட்டினிப் வேலை செய்யும்போது கட்டி உடனே சுருங்காதாம், மொதல்ல உள்ளுக்குள்ள செத்து நீர் கோத்து இளகுமாம், அளவு அப்படியே இருக்கும், சில சமயம் கொஞ்சம் பெருசாக்கூட தெரியும். ஸ்கேன்ல அடர்த்தின்னு ஒரு நம்பர் இருக்கு, என்னோடது ஏறக்குறைய பாதியா எறங்கியிருந்துச்சு, அதுதான் நல்ல சேதி. புதுசுன்னு சொன்ன மூணும் புதுசே இல்ல, மொதல்லயே ஈரலோட நெறத்துலயே கலந்து இருந்ததால கண்ணுக்குப் படல, செத்து கருத்ததும் தெரிய ஆரம்பிச்சிருக்கு. அளவோட அடர்த்தியையும் சேத்துப் பாக்கணும்னு சோய் முறைன்னு 2007-லயே வந்திருக்கு, ஆனா ஜிஸ்ட் அதிகமா பாக்காத எடத்துல எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்காது. நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருந்த மாத்திரைய நிறுத்திட்டு, வாங்க முடியாத அடுத்த மாத்திரைக்கு வீட்ட விக்கப் பாத்திருப்போம்.

இப்ப ஸ்கேனுக்குப் போனா சீட்டுல என் வீட்டுக்காரரு கையால எழுதுவாரு, "ஜிஸ்ட், இமாட்டினிப் இந்த தேதியிலேர்ந்து, பழைய படம் கூட இருக்கு, அடர்த்தி பாக்கவும்"னு. மொத ஸ்கேன்லேர்ந்து எல்லா சிடியும் ஒரு பைல தேதி வரிசையா இருக்கு, எழுத்து ரிப்போர்ட்ட மட்டும் நம்பக் கூடாது, படம் கையில இருக்கணும். முடிஞ்சா ஒரே எடத்துல, ஒரே மெஷின்ல எடுங்க. ரிப்போர்ட்ட நீங்களே வாசல்ல நின்னு பிரிச்சுப் படிக்காதீங்க, நான் இப்ப அவருகிட்ட குடுத்துடறேன், அவரும் பிரிக்கறதில்ல, டாக்டர் முன்னாடிதான்.

ஸ்கேனுக்கு முந்தின வாரம் இன்னும் எனக்கு ஆகாத வாரம்தான். அந்த வாரம் நான் புது துணி வெட்ட மாட்டேன், கை நடுங்கி பிசகிடும், பட்டன் தைக்கிறது, ஓரம் அடிக்கிறது மாதிரி வேலைய மட்டும் அந்த வாரத்துக்குன்னு எடுத்து வச்சுக்குவேன். வீட்டுலயும் சொல்லிட்டேன், "ஒண்ணும் ஆகாது"ன்னு யாரும் சொல்லாதீங்க, அது உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, சும்மா கூட உக்காருங்கன்னு. அத்தை அப்படியே பக்கத்துல உக்காந்து பூ கட்டுவாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, அதுவே எனக்குப் போதும். கல்யாணம் காதுகுத்துன்னு ஆறு மாசம் தள்ளி யாராவது தேதி சொன்னா முன்னாடியெல்லாம் உள்ளுக்குள்ள சுருக்குன்னு குத்தும், இப்ப வர்றேன்னு சொல்லி பிளவுஸ் துணியும் வாங்கி வச்சுடறேன்.

போன வாரம் மௌல்மேன் ஊர்லேர்ந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க, யாரோ என் நம்பர குடுத்திருக்காங்க. அவங்க தம்பிக்கு குடல்ல கட்டி எடுத்திருக்கு, தசைக்கட்டின்னு ரிப்போர்ட்டு, அடுத்த மாசம் கீமோவாம். தனிச் சாயம் போட்டுப் பாத்தாங்களான்னு கேட்டேன், அப்படின்னா என்னம்மான்னாங்க. ஒரு மணி நேரம் பேசினோம், லேபுக்கு என்ன லெட்டர் எழுதணும்னு வரி வரியா சொல்லி எழுத வச்சேன். நேத்து சாயங்காலம் போட்டோ அனுப்பினாங்க, மூணு பிளாக் வாங்கிட்டாங்க, மஞ்சத் துணியில சுத்தி ஜன்னல் பக்கத்துல முருகன் படத்துக்குக் கீழ வச்சிருக்காங்க. அங்க மத்தியானம் வெயில் அடிக்கும்க்கா, மெழுகு தாங்காது, எடுத்து உள் ரூம்ல நெழலா வைங்கன்னு சொன்னேன். சரிம்மான்னு உடனே எடுத்து வச்சுட்டு திரும்ப ஒரு போட்டோ அனுப்பினாங்க.